சி.பி.ஆர்.: ராமநாதபுரம் கரையோர ஆஸ்பத்திரி சிஸ்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி என்று சாயல்குடி வரைக்கும் இந்தக் கரையோரத்தில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ்கள், சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அவசர சிகிச்சை பற்றிய பயிற்சி வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது கேட்கும் கேள்விகள் இவை. வகுப்புக்குள் யாரும் வாயைத் திறப்பதில்லை, பக்கத்தில் டாக்டர் நிற்கிறார், இன்சார்ஜ் சிஸ்டர் நிற்கிறார், என்ன நினைப்பார்களோ என்று. வெளியே வந்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாப் பதிலும் பெரியவர்களுக்கானது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டியூட்டி டாக்டர் வராமல் நாங்களே சி.பி.ஆர். ஆரம்பிக்கலாமா? பிறகு கேள்வி கேட்டால்?

ஆரம்பிக்கலாம், ஆரம்பிக்கத்தான் வேண்டும். நெஞ்சை அழுத்துவது, அம்பு பேக்கில் (மாஸ்க்கோடு கையால் அமுக்கும் காற்றுப் பை) மூச்சுக் கொடுப்பது, ஏ.இ.டி. (துடிப்பைத் தானே பார்த்து ஷாக் கொடுக்கும் மெஷின்) இருந்தால் அதை ஒட்டுவது, இந்த மூன்றுக்கும் யாருடைய ஆர்டரும் தேவையில்லை. இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோன ஆளுக்கு சி.பி.ஆரும் ஷாக்கும் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. சின்ன ஆஸ்பத்திரியில் ராத்திரி ரெண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் எங்கே இருப்பார்? பிரசவ அறையில் இருப்பார், இல்லை கேஷுவால்ட்டியில் தையல் போட்டுக்கொண்டிருப்பார். போன் அடித்து அவர் எடுத்து, படி ஏறி வருவதற்குள் மூன்று நான்கு நிமிடம் சாதாரணமாகப் போய்விடும். அந்த நிமிடங்கள் முழுக்க உங்கள் கையில்தான். டாக்டர் வந்து செய்வது அதன் மேல் கட்டுகிற வேலை, அடியில் ஒன்றும் இல்லையென்றால் அவராலும் எதையும் கட்ட முடியாது.

மருந்து விஷயம் வேறு. அட்ரினலின் போடுவதற்கு உங்கள் ஆஸ்பத்திரியில் எழுதிவைத்த நிலையான உத்தரவு இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். சம்பவம் நடக்கும்போது கேட்கிற கேள்வி இல்லை இது.

இதயம் நின்றுவிட்டது என்று எப்படி உறுதி செய்வது? தப்பாகிவிட்டால்?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இல்லை அல்லது மீன் கரையில் வாயைத் திறந்து மூடுவதுபோல எப்போதாவது ஒரு இழுப்பு மட்டும் இருக்கிறது என்றால் கழுத்தில் நாடி பாருங்கள், 10 நொடிக்கு மேல் வேண்டாம். நிச்சயமாகக் கையில் தட்டவில்லையா, அழுத்த ஆரம்பித்துவிடுங்கள்.

அந்த இழுப்பு ஒன்றுதான் நிறைய பேரை ஏமாற்றுகிறது. கேஸ் ஷீட்டில் "நோயாளி கேஸ்பிங்" என்று எழுதிவிட்டு டாக்டருக்காகக் காத்திருப்பார்கள். கேஸ்பிங்கை மூச்சு என்று கணக்கில் எடுக்காதீர்கள். இன்னொன்று, இதயம் நின்ற முதல் சில நொடிகளில் கை காலை வெட்டி இழுக்கலாம், பார்ப்பதற்கு அப்படியே ஃபிட்ஸ் மாதிரி இருக்கும், உடனே ஒருவர் ஃபிட்ஸை அடக்கும் லோராஸிபாம் எடுக்க ஓடுவார். ஃபிட்ஸ் என்று தோன்றினாலும் கழுத்தில் ஒரு கை வைத்துப் பார்த்துவிட்டு ஓடுங்கள்.

வார்டில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன், உங்களுக்கும் தெரிந்த காட்சிதான். ஒருவர் பி.பி. கஃப் சுற்றுகிறார். காற்று ஏற்றுகிறார், ஒன்றும் கேட்கவில்லை, மறுபடி ஏற்றுகிறார். இன்னொருவர் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி, எண் வரவில்லை என்று அடுத்த விரலுக்கு மாற்றுகிறார். மூன்றாவது ஆள் ஈ.சி.ஜி. மெஷினைத் தள்ளிக்கொண்டு வருகிறார். நான்கு பேர் வேலை செய்கிறார்கள், நெஞ்சில் மட்டும் ஒரு கையும் இல்லை. இந்த மூன்றும் அழுத்தம் ஆரம்பித்த பிறகு வரவேண்டிய வேலைகள்.

தப்பாகிவிட்டால் என்ன என்று பயப்படுபவர்களுக்கு: நாடி இருக்கும் ஆளை அழுத்தினால் வலியில் முனகுவார், கையைத் தட்டிவிடுவார், நீங்கள் நிறுத்திவிடுவீர்கள். நின்றுபோன ஆளை அழுத்தாமல் விட்டால் அதைத் திருத்த வழி கிடையாது.

எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம்? ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்று சொல்கிறார்களே?

மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், 5 செ.மீ. குறையாமல், 6 செ.மீ. தாண்டாமல். நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுக்க மேலே வரவேண்டும், கையை எடுக்காமல் பாரத்தை மட்டும் எடுங்கள். இடையில் நிறுத்தினால் 10 நொடிக்குள் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். மூச்சுப்பாதையில் குழாய் போடாதவரை 30 அழுத்தம், 2 மூச்சு. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம்.

விதி மாறிக்கொண்டே வந்தது உண்மைதான். வெளியிலிருந்து நெஞ்சை அழுத்தியே ரத்தத்தை ஓட வைக்கலாம் என்று கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து 1960-இல் எழுதினார்கள். அதற்கப்புறம் வெகுகாலம் முதலில் காற்றுப்பாதை, அடுத்து மூச்சு, கடைசியில் அழுத்தம் என்ற வரிசைதான். 2010-இல் அழுத்தம் முதலுக்கு வந்தது. வேகத்துக்கு 120, ஆழத்துக்கு 6 செ.மீ. என்ற மேல் எல்லைகள் 2015-இல் வந்தன. 2010-க்கு முன் படித்த அக்காமார் பழைய வரிசையைச் சொல்வார்கள், அவர்கள் படித்தது அது. சண்டை போடாமல் மாற்றிச் சொல்லுங்கள்.

வேகத்தில் நம் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நல்ல தாளத்தில் போகும், பத்து வரைக்கும் பிரச்சினை இல்லை, "இருபத்தி மூணு, இருபத்தி நாலு" என்று வரும்போது வாய் நீளும், வாயோடு கையும் மெதுவாகிவிடும். ஒன்று முதல் பத்து வரை மூன்று முறை எண்ணுங்கள், ஒவ்வொரு பத்தும் முடிந்ததும் ஒரு விரலை மடக்குகிற வேலையைப் பக்கத்தில் பேக் பிடிப்பவருக்குக் கொடுங்கள். வேகம் பிடிபடாவிட்டால் செல்போனில் மெட்ரோனோம் செயலி ஒன்றை இறக்கி 110-இல் வைத்துப் பழகலாம்.

கட்டில் உயரம், நான் குட்டை. சரியாக அழுத்த முடியவில்லையே?

வலு குறைவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், நிற்கிற இடம்தான் கோளாறு. தோள் நேராக உங்கள் கைக்கு மேலே வரவேண்டும், முழங்கை மடங்கக் கூடாது, இடுப்பிலிருந்து உடம்பின் பாரம் இறங்க வேண்டும். நோயாளி ஏறுவதற்கு கட்டிலடியில் போட்டிருக்கும் அந்த இரும்புப் படியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறுங்கள். படி இல்லையா, கட்டிலின் மேலேயே மண்டியிடுங்கள், ஒரு குற்றமும் இல்லை.

மெத்தையும் ஏமாற்றும். நீங்கள் 6 செ.மீ. அழுத்தியதாக நினைப்பீர்கள், அதில் பாதி மெத்தைக்குள் போயிருக்கும். முதுகுக்கு அடியில் கெட்டிப் பலகை ஒன்று வேண்டும். பலகையை எந்த வார்டில் யார் கடைசியாக எடுத்தார் என்று தேடவேண்டிய நிலை இருக்கக் கூடாது, எமர்ஜென்சி டிராலியின் பின்பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். பலகை தேடி அழுத்தத்தை நிறுத்தவும் வேண்டாம், வரும்போது வரட்டும். காற்று மெத்தை என்றால் காற்றை இறக்குங்கள்.

நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும், மூச்சு வேண்டாம் என்று சொல்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

பொதுமக்களுக்கு அழுத்தம் மட்டும் போதும் என்று சொல்லிக்கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. மயக்கவியல் மருத்துவர்கள் முன்னின்று நடத்தும் இந்தியன் ரிசசிடேஷன் கவுன்சிலும் சாமானியர்களுக்கு அப்படித்தான் வகுத்திருக்கிறது. ரோட்டில் திடீரென்று மாரடைப்பில் விழுந்த ஆளின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இன்னும் இருக்கிறது, அதை மூளைக்குத் தள்ளினால் சில நிமிடம் ஓடும், வாயில் வாய் வைக்கத் தயங்கி ஒன்றுமே செய்யாமல் நிற்பதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது.

ஆனால் அந்த அறிவுரை உங்களுக்கு எழுதியதில்லை, நம் கடற்கரைக்கு எழுதியதும் இல்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தத்தில் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்குத் தெரியும், நீச்சல் தெரியாத வெளியூர்க்காரர்கள் அதில் எத்தனை பேர் என்றும் தெரியும். அரியமான் பக்கம் குளிக்கப் போன பையன்கள், தனுஷ்கோடியில் கடலின் போக்குத் தெரியாமல் இறங்கியவர்கள், வல்லத்திலிருந்து தவறி விழுந்தவர், வீட்டுப் பக்கத்து ஊருணியில் விழுந்த குழந்தை என்று ஆஸ்பத்திரிக்கு வரும் மூழ்கிய கேஸ்களில் இதயம் நின்றதற்குக் காரணம் மூச்சு நின்றது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் தீர்ந்த பிறகுதான் இதயம் நின்றிருக்கிறது. அந்த ரத்தத்தை எவ்வளவு அழகாக அழுத்தித் தள்ளினாலும் அதில் கொண்டுபோக ஒன்றும் இல்லை.

அதனால் மூழ்கிய ஆளுக்கு முதலில் மூச்சு. அமெரிக்க வழிகாட்டி முதலில் 2 மூச்சு என்கிறது, ஐரோப்பிய வழிகாட்டி 5 என்கிறது. எதுவாக இருந்தாலும் நெஞ்சு உயர்வதைக் கண்ணால் பார்த்துக் கொடுத்துவிட்டு, பிறகு 30-க்கு 2 என்று போங்கள். ஆக்ஸிஜன் இணைத்த அம்பு பேக் இருந்தால் அதுவே முதல் ஆயுதம். மூழ்கியவர்களில் சிலருக்கு இதயம் இன்னும் மெல்லத் துடித்துக்கொண்டிருக்கும், மூச்சு மட்டும்தான் நின்றிருக்கும், சரியான சில மூச்சுகளிலேயே திரும்பிவிடுவார்கள். அந்த ஆளை விட்டுவிடக் கூடாது.

கரையிலிருந்து தூக்கி வருபவர்கள் சிலர் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுத்திருப்பார்கள், சிலர் தலைகீழாகத் தூக்கிச் சுற்றியிருப்பார்கள். செய்தவர்களைத் திட்டாதீர்கள், தெரிந்ததைச் செய்திருக்கிறார்கள். நீங்கள் அதைத் தொடராதீர்கள், அவ்வளவுதான். வயிற்றை அமுக்கினால் வருவது வயிற்றுத் தண்ணீர், அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். வாயில் பொங்கி வரும் நுரையைத் துடைத்துக்கொண்டே உட்காராதீர்கள், அது வந்துகொண்டேதான் இருக்கும், அதன் மேலேயே மாஸ்க்கை வைத்துக் காற்றைக் கொடுங்கள். வாந்தி வந்தால் மட்டும் பக்கவாட்டில் திருப்பி, உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் வையுங்கள், மூழ்கிய கேஸில் வாந்தி வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள்.

அம்பு பேக்கை எவ்வளவு அமுக்குவது?

நெஞ்சு உயர்வது கண்ணுக்குத் தெரியும் வரை, ஒரு மூச்சு ஒரு நொடி. பெரியவர் பேக்கில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் காற்று இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது 500, 600 மில்லிதான். பதற்றத்தில் இரண்டு கையாலும் பிழிந்தெடுப்பவர்கள் அதிகம், பிழிந்தால் காற்று வயிற்றுக்குப் போகும், வாந்தி வரும், நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். குழாய் போட்ட பிறகு 6 நொடிக்கு ஒரு மூச்சு, அழுத்தத்தை நிறுத்த வேண்டியதில்லை.

தனியாக ஒரு கையால் மாஸ்க்கையும் பிடித்து மறுகையால் பேக்கையும் அமுக்குவது கஷ்டம், காற்று ஓரத்தில் கசியும். ஆள் இருந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கை முகத்தோடு சேர்த்துப் பிடிக்கட்டும், இன்னொருவர் அமுக்கட்டும். பல் கட்டு கழன்ற பாட்டிமார் முகத்தில் மாஸ்க் உட்காராது, பல்செட் வாயிலேயே கெட்டியாக இருந்தால் எடுக்காமல் விடுங்கள்.

பாம்புக் கடியில் வந்தவருக்கும் இதேதானா?

அடிப்படை இதேதான், ஆனால் இங்கும் மூச்சு முந்துகிறது. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் தரையில் படுத்துத் தூங்கியவரைக் கட்டுவிரியன் கடித்திருக்கும், கடித்த இடமே தெரியாது, விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார், இமை தொங்கும், பேச்சு குழறும். மூச்சுத் தசை வேலை நிறுத்துவதற்குள் பேக்கைக் கையில் எடுத்துவிட்டால் இதயம் நிற்கும் கட்டமே வராமல் தடுக்கலாம். கட்டுவிரியன் விஷம் முழுதாக ஏறிய ஆள் அசைய மாட்டார், கண்மணி சுருங்காது, பார்ப்பவர்கள் மூளைச்சாவு என்று நினைத்துவிடுவார்கள். நாடி இருக்கிறவரை மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், மணிக்கணக்கில் ஆனாலும் சரி. அவருக்கு நீங்கள் பேசுவது கேட்டுக்கொண்டும் இருக்கலாம், கவனமாகப் பேசுங்கள்.

கடல் பாம்பு வலையில் சிக்கி மீனவரைக் கடிப்பதும் இங்கே உண்டு. அந்த விஷம் தசையைக் கரைக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும் அளவுக்கு ஏறும், சிறுநீர் கறுத்துப் போகும். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் செய்தது, கடல் பாம்புக்கு இல்லை. டாக்டரிடம் "கடல்ல கடிச்சது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், பொட்டாசியத்தை நினைத்து கால்சியம் பக்கம் யோசிப்பார். டயாலிசிஸ் தவறவிட்டு வந்து விழும் நோயாளிக்கும் இதே பொட்டாசியம் கதைதான்.

மானிட்டரில் கோடு நேராக ஓடுகிறது. ஷாக் கொடுக்கலாமா?

கூடாது. சினிமாவில் கொடுப்பார்கள், ஆள் எழுந்தும் உட்காருவார். ஷாக் வேலை செய்வது இதயத் தசை தாறுமாறாக நடுங்கும்போதும், நாடியில்லாமல் கீழறைகள் வேகமாக அடிக்கும்போதும் மட்டும்தான். நேர்க்கோட்டுக்கு அழுத்தமும் அட்ரினலினும். நேர்க்கோடு என்று முடிவு செய்யும் முன் மானிட்டர் ஒயர் (லீட்) கழன்றிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

ஷாக் என்றால் மின்சாரம் இரு திசையிலும் பாயும் பைஃபேசிக் மெஷினில் 120 முதல் 200 ஜூல், அந்த மெஷின் மேலேயே எழுதியிருக்கும். ஒரே திசையில் பாயும் பழைய மோனோஃபேசிக் என்றால் 360. கொடுத்த உடனே மானிட்டரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்காமல் 2 நிமிடம் அழுத்துங்கள், பிறகு பாருங்கள். கடலிலிருந்து வந்தவர் என்றால் நெஞ்சைத் துடைத்துவிட்டு ஷாக் பேடை ஒட்டுங்கள். தாலிச் சரடோ சங்கிலியோ பேடுக்கு அடியில் வராமல் தோள் பக்கம் ஒதுக்கினால் போதும், அதைக் கழற்றலாமா என்று சொந்தக்காரரிடம் பேச்சு நடத்த நேரமில்லை.

ஷாக் கொடுக்கும் மெஷினான டிஃபிப்ரிலேட்டர் பூட்டிய அறையில் இருப்பதையும், அதன்மேல் பெட்ஷீட் அடுக்கி வைத்திருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். விலை உயர்ந்த சாமான், உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான். சாவி யாரிடம் என்று கேட்கவேண்டிய மெஷின் இருந்தும் இல்லாத கணக்கு.

நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விடுவது?

வேண்டாம். அந்த நேரத்தில் அழுத்துங்கள்.

மருந்தில் எது மாறியிருக்கிறது?

அட்ரினலின் 1 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. போட்டதும் 20 மில்லி சலைன் தள்ளி, கையைத் தூக்கிப் பிடியுங்கள், இல்லையென்றால் மருந்து முழங்கையிலேயே நிற்கும். ஷாக்குக்கு அடங்காத நடுக்கத்துக்கு அமியோடரோன் 300 மி.கி., பிறகு 150 மி.கி. அட்ரோபினை வழக்கமாகப் போடுவது 2010-இலேயே விலக்கப்பட்டுவிட்டது, ஆனாலும் பல வார்டுகளில் டிராலியைத் திறந்ததும் கை தானாக அதற்குத்தான் போகிறது. பைகார்பனேட்டும் அப்படியே, காரணம் இருந்தால் மட்டும். ஒன்று சொல்லட்டுமா, ஊசி மருந்து உடைப்பதில் நம்மவர்களுக்கு இருக்கும் சுறுசுறுப்பு அழுத்துவதில் இல்லை. மூன்று பேர் இருந்தால் இரண்டு பேர் மருந்துப் பக்கம் நிற்கிறார்கள்.

கர்ப்பிணிக்கு?

கை வைக்கும் இடம், ஆழம், வேகம், ஷாக், மருந்து எல்லாம் அதேதான். கர்ப்பப்பை தொப்புள் அளவுக்கோ மேலாகவோ இருந்தால் ஒருவர் அதை இரண்டு கையாலும் தாயின் இடப்பக்கம் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய ரத்தக்குழாய் அமுங்கி நீங்கள் அழுத்துவது வீண். மகப்பேறு டாக்டரை அந்த நிமிடமே கூப்பிடுங்கள், 5 நிமிடத்துக்குள் குழந்தையை வெளியே எடுப்பதுதான் இலக்கு, அது தாயைக் காப்பாற்றவும்தான்.

குழந்தைக்கு?

தனியாக இருந்தால் 30-க்கு 2, இரண்டு பேர் இருந்தால் 15-க்கு 2. ஆழம் நெஞ்சுத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு: கைக்குழந்தைக்கு ஏறக்குறைய 4 செ.மீ., பெரிய குழந்தைக்கு 5. மூச்சும் ஆக்ஸிஜனும் கொடுத்தும் நாடி 60-க்குக் கீழே, உடம்பு வெளுத்துக் கிடக்கிறது என்றால் முழுக்க நிற்கும்வரை காத்திராமல் அழுத்துங்கள். அப்போதுதான் பிறந்த குழந்தைக்கு 3-க்கு 1, அது தனிப் பாடம்.

விலா எலும்பு உடைந்துவிட்டால்?

உடையும், வயதானவர்களுக்குக் கட்டாயம் உடையும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சத்தமும் கேட்கும். கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள், பெண் நோயாளியின் சட்டையைத் திறக்கத் தயக்கமாக இருக்கிறதே?

தயக்கம் நியாயமானது, ஸ்கிரீனை இழுக்க மூன்று நொடி போதும், அதை அட்டெண்டர் செய்யட்டும், நீங்கள் துணியின் மேலேயே அழுத்த ஆரம்பித்துவிடுங்கள். பேட் ஒட்டும்போது திறந்தால் போதும்.

சொந்தக்காரர்களிடம் பேச ஒருவரை ஒதுக்குங்கள், ஆள் குறைவாக இருந்தாலும் ஒதுக்குங்கள். "அண்ணே, அவருக்கு இதயம் நின்னு போயிருக்கு, நாங்க அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கிறோம், டாக்டர் வர்றாங்க, நீங்க இந்தப் பக்கம் நில்லுங்க" என்று ஒரு வாக்கியம் சொன்னால் பாதிக் கூச்சல் அடங்கும். யாரும் ஒன்றும் சொல்லாதபோதுதான் "என்னமோ பண்ணி நெஞ்சை உடைச்சுட்டாங்க" என்று வெளியே பேச்சு கிளம்புகிறது, கண்ணாடி உடைகிறது.

எவ்வளவு நேரம் செய்வது? யார் நிறுத்தச் சொல்வது?

டாக்டர். அவர் வரும்வரை நிறுத்தும் முடிவு உங்களுடையது கிடையாது. ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: நீரில் மூழ்கி வெகுநேரம் கழித்துப் பிழைத்தார்கள் என்று படிக்கும் கதைகள் பனி உறையும் ஏரிகளில் நடந்தவை, அந்தக் குளிர் மூளையைக் காத்தது. பாக் நீரிணைத் தண்ணீர் வெதுவெதுப்பானது, அந்தச் சலுகை இங்கே கிடையாது. அதனாலேயே முதல் மூச்சு எவ்வளவு சீக்கிரம் என்பது இங்கே இன்னும் முக்கியமாகிறது.

நினைவில்லாத முதியவருக்கு எதுவும் செய்ய வேண்டாம் என்று குடும்பம் சொன்னால், டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் இதற்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. வாய் வார்த்தையாக "சிஸ்டர், சும்மா ரெண்டு அழுத்து அழுத்துங்க" என்பதை ஏற்காதீர்கள். செய்வதென்றால் முழுதாகச் செய்வது, இல்லையென்றால் எழுதி வாங்குவது.

ராமேஸ்வரத்தில் நின்றுபோன ஆளை உடனே ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவது நல்லதா?

நாடி திரும்பாமல் ஏற்றுவதில் பெரும்பாலும் பலன் இல்லை. தீவிலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கி.மீ., பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான் வழி, திருவிழா நாளில் அதில் நெரிசல் எப்படி என்று சொல்ல வேண்டாம். ஓடும் வண்டியில் நின்றுகொண்டு அழுத்தினால் ஆழமும் வராது, பிரேக் போட்டால் நீங்களும் விழுவீர்கள். இருக்கும் இடத்திலேயே நன்றாகச் செய்து, நாடி வந்த பிறகு அனுப்புங்கள். 2022-இல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் 115 கி.மீ. தாண்டி மதுரைக்கு ஓட வேண்டிய நிலை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நாடி வந்ததும் எல்லாரும் கைதட்டிவிட்டுக் கலையாதீர்கள். திரும்ப நிற்கும் நேரம் அதுதான். நிமிடத்துக்கு 10 மூச்சு, பி.பி. விழாமல் பார்ப்பது, சர்க்கரை ஒரு முறை குத்திப் பார்ப்பது, ஒரு ஈ.சி.ஜி., காய்ச்சல் வரவிடாமல் இருப்பது. கூடவே போகும் சிஸ்டர் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது, சாவி இருக்கிறதா என்று வண்டி கிளம்பும் முன் பார்க்க வேண்டும், பாலத்தின் நடுவில் இல்லை.

பரீட்சையில் நல்ல மார்க் வாங்குகிறேன், நேரில் கை ஓடவில்லை. ஏன்?

உங்களுக்கு மட்டும் இல்லை. பல நாடுகளில் நர்ஸ்களை வைத்துச் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான்: தாளில் விடை சரியாக இருக்கும், பயிற்சிப் பொம்மையின் மேல் கை வைக்கச் சொன்னால் ஆழம் குறையும், பயிற்சி முடிந்த கையோடு திறமை ஏறும், மூன்று முதல் ஆறு மாதத்தில் இறங்கிவிடும். கையில் இருக்கும் பயிற்சிச் சான்றிதழ் அட்டை மட்டும் இரண்டு வருடத்துக்குச் செல்லும். எத்தனை வருட சர்வீஸ் என்பதும் பெரிதாகக் காப்பாற்றாது, ஏனென்றால் ஒரு வார்டில் இருபது வருடம் இருந்தும் நேரில் அழுத்திய சந்தர்ப்பம் ஒரு சிலதாகவே இருக்கலாம்.

தீர்வு பெரிய வகுப்பு இல்லை, சின்னச் சின்னப் பழக்கம். பொம்மையை அலமாரியில் பூட்டாமல் நர்சிங் ஸ்டேஷன் பக்கத்தில் கிடத்துங்கள், ஹேண்ட் ஓவர் முடிந்ததும் தினம் ஒருவர் 2 நிமிடம் அழுத்தட்டும், மற்றவர் எண்ணட்டும். பொம்மை வாங்க வழியில்லாத சின்ன ஆஸ்பத்திரி என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ நர்சிங் கல்லூரியிலோ மாதம் ஒருமுறை இரவல் கேட்டுப் பாருங்கள். தலையணையில் பழகினால் வேகம் வரும், ஆழம் வராது. உயிருள்ள ஆள்மேல் விளையாட்டுக்குக்கூட அழுத்திப் பழகாதீர்கள். ஒரு நாள் திடீரென்று "ஏழாவது கட்டில், மூச்சு இல்லை" என்று சொல்லி, பலகை, பேக், டிராலி மூன்றும் கட்டிலுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். முதல் தடவை, குழாய் போட வெளிச்சம் காட்டும் லாரிங்கோஸ்கோப்பில் பேட்டரி இருக்காது, பந்தயம்.

இதயம் நிற்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா?

வார்டில் படுத்திருப்பவர் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறார், சில மணி நேரத்துக்கு முன்பே மூச்சு வேகம் ஏறும், பேச்சில் குழப்பம் வரும், சிறுநீர் குறையும், பி.பி. சரியும். நம் சார்ட்டை எடுத்துப் பாருங்கள், நாற்பது கட்டிலுக்கும் மூச்சு 20 என்று எழுதியிருக்கும், அத்தனை பேரும் பேசிவைத்து மூச்சு விட்டதுபோல. ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும், நாற்பது பேருக்கும் ஒரு நிமிடம் எண்ண முடியாது. சந்தேகமாக இருக்கும் நான்கு பேருக்காவது நிஜமாக எண்ணுங்கள். 30 வந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

எல்லாம் முடிந்த பிறகு கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவது?

நேரம்தான் முக்கியம்: எப்போது பார்த்தீர்கள், எப்போது அழுத்தம் ஆரம்பித்தது, முதல் ஷாக், ஒவ்வொரு அட்ரினலின், நாடி திரும்பிய நேரம் அல்லது நிறுத்திய நேரம், யார் நிறுத்தச் சொன்னார். மூழ்கியவர் என்றால் எவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தார், கரையில் என்ன செய்தார்கள் என்று கொண்டுவந்தவரிடம் கேட்டு எழுதுங்கள், அவர் கிளம்பிவிட்டால் பிறகு கிடைக்க மாட்டார். சுவர்க் கடிகாரம் ஒன்று, மானிட்டர் ஒன்று, உங்கள் செல்போன் ஒன்று என்று மூன்றும் மூன்று நேரம் காட்டும், ஒன்றை மட்டும் வைத்து எழுதுங்கள். அந்த நேரத்தில் எழுத ஆள் இல்லையென்றால் கையுறைப் பெட்டியின் அட்டையில் கிறுக்கி வைத்தாலும் சரி, பிறகு ஷீட்டில் ஏற்றிவிட்டு அந்த அட்டையையும் கேஸ் ஷீட்டோடு பின் அடித்து வையுங்கள்.